லேடீஸ்ல எட்டு வராது

கேத்தரின் டீச்சர் ஒற்றைச் செருப்போடு வீடு வந்து சேர்ந்த அன்று எங்கள் தெருவே சிரித்தது.

ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த வாரம். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, கணுக்கால் மூழ்கும் தண்ணீரில் நடந்து வந்திருக்கிறார். ஒரு கையில் குடை, இன்னொரு கையில் ஸ்கூல் பை. இடது காலில் செருப்பு இருந்தது. வலது கால் வெறுங்காலாகச் சேறு அப்பிக் கிடந்தது.

"டீச்சர், இன்னொண்ண யாருக்குத் தானம் பண்ணிட்டு வர்றீங்க?" என்று கேட்டது இஸ்திரி வண்டி ராசாத்தி.

டீச்சர் குனிந்து பார்த்தார். அப்போதுதான் அவருக்கே தெரிந்தது. எந்த இடத்தில் கழன்றது என்று யோசிப்பது போலத் தெருமுனை வரை திரும்பிப் பார்த்தார். அங்கே தண்ணீர் மட்டும்தான் இருந்தது.

கேட்டுக்குள் நின்றிருந்த அவர் கணவர் ரோசரி சார் கையைத் தட்டினார். "பரதன் ரெண்டையும்ல வாங்கிட்டுப் போனான். இங்க ஸ்ரீரங்கத்துப் பக்கம் வந்தவன் ஒண்ணோட திருப்திப்பட்டுட்டான் போல!"

ராசாத்தி இஸ்திரிப் பெட்டியை நிறுத்தி வைத்துவிட்டுச் சிரித்தாள். பால் பாக்கெட் வாங்க வந்தவர்கள் சிரித்தார்கள். அவர்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் எனக்கும், படியில் நின்று பார்த்தபோது, சிரிப்பு வந்தது. ரோசரி சார் அப்படிப்பட்டவர். திருவெறும்பூர்ப் பக்கம் தொழிற்சாலையில் ஸ்டோர்ஸில் இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாண வீடானாலும் சாவு வீடானாலும் அவர் நிற்கிற இடத்தைச் சுற்றி ஒரு சிறு கூட்டம் இருக்கும். சிரிக்க வைக்கிற மனிதரை யாரும் கெட்டவர் என்று சொல்வதில்லை.

டீச்சர் பெண்கள் பள்ளியில் தையல் டீச்சர். ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருடம் இருந்தது. சர்க்கரை பதினான்கு வருடமாக. பாதம் இரண்டும் மரத்துப்போய் நான்கைந்து வருடம் ஆகியிருக்கும். "பஞ்சு மூட்டை மேல நடக்குற மாதிரி இருக்கு தம்பி. தரை இருக்குன்னு கண்ணு சொல்லித்தான் காலுக்குத் தெரியுது" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு மழைக்காலத்தில் ரப்பர் செருப்பின் வார் இடது சுண்டுவிரலை அறுத்திருக்கிறது. நாற்றம் வந்த பிறகுதான் தெரிந்தது. அந்த விரல் இப்போது இல்லை.

ஒற்றைச் செருப்புச் சம்பவத்துக்கு அடுத்த நாள் டாக்டர் சொன்னது தெளிவானது. நடக்காவிட்டால் சர்க்கரை ஏறும், காலுக்கு ரத்தம் போகாது. ஆகவே தினமும் வேகமாக முக்கால் மணி நேரம் நடக்க வேண்டும். மழை, பனி என்று நிறுத்தக் கூடாது. ஆனால் பாதம் ஈரத்தில் ஊறக் கூடாது, எதுவும் குத்தக் கூடாது. "இன்னொரு புண்ணு வந்தா விரலோட நிக்காது டீச்சர். கணுக்கால்ல போய்த்தான் நிக்கும்."

வீட்டுக்கு வந்ததும் ரோசரி சார் இதையும் தெருவுக்கு மொழிபெயர்த்தார். "மரத்துப்போன காலுக்கு என்ன பேரு தெரியுமா? மரக்கால்!"

அவருடைய வாக்கிங் சினேகிதர் அருள்ராஜுக்கு மண்ணச்சநல்லூரில் அரிசி மில். அவர் தொடையில் தட்டிக்கொண்டு சொன்னார்: "அண்ணே, எங்க மில்லுல மரக்கால்ல நெல்லு அளப்போம். உங்க வீட்டு மரக்கால் என்னண்ணே அளக்கும்?"

"ரோட்ட அளக்கும்."

அன்றிலிருந்து மரக்கால் டீச்சர். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரைக்கும் அந்தப் பெயர் போய்ச் சேர்ந்தது. தண்ணீர் புகாத ஷூ ஒன்று வாங்கியாக வேண்டும் என்று மட்டும் சொன்னார் டீச்சர். ஃபோனில் தேடிப் பார்த்துச் சொல்லும் வேலை எனக்கு வந்தது.

கடைக்குப் போவதற்கு முன் அவர் ஒரு காரியம் செய்தார். ஒரு பழைய பேப்பரைத் தரையில் விரித்து அதன் மேல் ஏறி நின்றார். "உக்காந்துட்டு அளவெடுத்தா தப்பாப் போயிரும். எடை எறங்கினாத்தான் பாதம் விரியும். சாயங்காலம் ஆயிருச்சு, கொஞ்சம் வீங்கியும் இருக்கும். இப்பவே வரைஞ்சிரு தம்பி." நான் குனிந்து இரண்டு பாதங்களையும் சுற்றிப் பென்சிலால் கோடு இழுத்தேன். பென்சில் முனை பாதத்தில் உரசியபோதும் அது அசையவில்லை. கோட்டுக்கு வெளியே அரை விரற்கடை விட்டு, ரவிக்கைக்கு வெட்டுவது போல, கத்தரியால் வெட்டி எடுத்தார். பேப்பர் கட்டிங் இரண்டும் ஹேண்ட்பேக்கில் போயின.

தில்லைநகரில் ஒரு பெரிய செருப்புக் கடை. ரோசரி சாரும் ஆட்டோவில் ஏறிக்கொண்டார். வேடிக்கை பார்க்கத்தான் வருவதாக அவரே சொன்னார்.

கடையில் எங்களைக் கவனித்த பெண்ணின் சட்டையில் ஷஹனாஸ் என்று பெயர்ப் பட்டை இருந்தது. டீச்சரின் பாதத்தை அளவுப் பலகையில் வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"லேடீஸ்ல எட்டு வராதுங்கம்மா. ஏழோட சரி. அதுவும் தண்ணி போகாததுன்னா லேடீஸ்ல வர்றதே இல்ல. ஜென்ட்ஸ்ல பாக்கலாமா?"

"பாருங்க," என்றார் டீச்சர்.

"நான் அப்பவே எங்கம்மாகிட்ட சொன்னேன், பொண்ணு பாக்கப் போன எடத்துல மாப்பிள்ளையப் பாத்துட்டு வந்துட்டீங்கன்னு," என்றார் ரோசரி சார். ஷஹனாஸ் சிரிப்பை அடக்க அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் போனாள்.

முதலில் வந்தது துணி ஷூ. டீச்சர் அதைப் பிரித்து உள்ளே கண்ணை ஓட்டினார். "இதுல தையல் வெளியத் தெரியுது. தையல் இருந்தா ஊசி ஓட்டை இருக்கும். ஊசி ஓட்டை இருந்தா தண்ணி வரும்." இரண்டாவது முழு ரப்பர். தண்ணீர் போகாது, ஆனால் வேர்வையும் வெளியே வராது, ஊறிப்போகும். வேண்டாம். மூன்றாவது தோல் ஷூ, பார்க்க நன்றாக இருந்தது.

"போட்டு நாலு எட்டு வெச்சுப் பாருங்கம்மா," என்றாள் ஷஹனாஸ். டீச்சர் நடந்தார். "கடிக்குதா?"

செருப்பு விற்கிற யாரும் கேட்கிற கேள்வி. டீச்சர் குனிந்து காலைப் பார்த்தார்.

"கடிக்குதாம்மா? எங்கயாச்சும் இறுக்குதா?"

"தெரியலம்மா."

"போட்டு நடந்தாத் தெரியுமே!"

"எனக்குத் தெரியாதும்மா." கடையில் இன்னும் நான்கைந்து பேர் இருந்தார்கள். டீச்சர் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். ஹேண்ட்பேக்கிலிருந்து பேப்பர் பாதத்தை எடுத்து அதற்குள் விட்டார். பேப்பர் பக்கவாட்டில் சுருண்டு மடங்கியது. "கடிக்குது," என்றார்.

ஷஹனாஸ் அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. உள்ளே போய் மேல் தட்டிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துவந்தாள். மலையேறுகிறவர்கள் போடுவது என்றாள். கறுப்பில் நீலக் கோடு போட்ட, கனமான ஆண்கள் ஷூ. டீச்சர் அதன் உள்பக்கத்தைக் கை விரல்களால் தடவினார். குழந்தையின் வாய்க்குள் விரலை விட்டுப் பல் முளைத்திருக்கிறதா என்று பார்ப்பது போலத் தடவினார். அவர் பாதத்தை விட்டுப் போன உணர்ச்சியெல்லாம் விரல் நுனிக்கு வந்துவிட்டதோ என்று இருந்தது. "தையலுக்கு மேல உள்ள டேப் ஒட்டியிருக்கான். நாக்க ரெண்டு பக்கமும் சேத்துத் தைச்சிருக்கான் பாரு தம்பி. லேஸ் வழியாகூட ஒண்ணும் உள்ள எறங்காது." பேப்பர் கட்டிங் உள்ளே போய்த் தட்டையாகப் படுத்தது. முன்னால் ஒரு விரல் இடம் மிச்சம் இருந்தது.

"பேப்பர் கடிக்கலங்குது," என்றார் டீச்சர்.

"அப்ப பேப்பரையே வாக்கிங் அனுப்பிட்டு நீ வீட்ல இரு," என்றார் ரோசரி சார்.

தண்ணீரை ஊற்றிப் பார்க்க வேண்டும் என்று டீச்சர் கேட்டார். ஷஹனாஸ் மேனேஜரிடம் ஓடிப்போய்க் கேட்டு வந்து, பாட்டிலைச் சாய்த்தாள். சேப்பங்கிழங்கு இலையில் உருளுகிற மாதிரி உருண்டு விழுந்தது தண்ணீர். டீச்சர் உள்ளே கையை விட்டுப் பார்த்தார். காய்ந்த கை வெளியே வந்தது. அவர் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். மேல்வரிசையில் ஒரு பல் மற்றதன் மேல் ஏறியிருக்கும்.

காட்டன் புடவைக்குக் கீழே அந்த ஷூவைப் போட்டுக்கொண்டு அவர் முதல் நாள் தெருவில் இறங்கியபோது, ரோசரி சார் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். "கான்ஸ்டபிள் கேத்தரின், டூட்டிக்குக் கௌம்பியாச்சா?" டீச்சர் நடந்துகொண்டே இருந்தார். ஷூ சத்தம் தெரு முழுக்கக் கேட்டது.

மைதானங்கள் எல்லாம் சேறாகிவிட்டதால் அந்தக் கார்த்திகையில் வாக்கிங் கூட்டம் காவிரிப் பாலத்துக்கு மாறியிருந்தது. சிந்தாமணிப் பக்கம் ஏறினால் அந்தப் பக்கம் மாம்பழச்சாலையில் இறங்கலாம். ரோசரி சார், அருள்ராஜ், ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் அப்துல் அஹத் பாய், மூவரும் ஒருமுறை பாலத்தைக் கடந்து மாம்பழச்சாலை டீக்கடையில் உட்கார்ந்துவிடுவார்கள். டீச்சர் மட்டும் திரும்பிச் சிந்தாமணி முனை வரை போய் மறுபடி டீக்கடைக்கு வருவார். அது ஒரு ரவுண்டு. அப்படி மூன்று. பாலத்து நடைபாதையில் மழைத் தண்ணீர் தேங்கியிருக்கும். மற்றவர்கள் ஓரமாகத் தாவித் தாவிப் போவார்கள். டீச்சர் நேராக அதற்குள் இறங்கிப் போவார்.

ஷூவைப் போடும் முன் ஒரு முறை இருந்தது. கவிழ்த்து மூன்று தட்டு. பிறகு கையை உள்ளே விட்டு ஒரு தடவல். பிறகுதான் கால். வெள்ளை சாக்ஸ் மட்டும்தான். ஏதாவது கசிந்தால் தெரிய வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். திரும்பி வந்ததும் முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்ப்பார். மூன்று வாரம் ஒரு சிவப்புப் புள்ளி கூட இல்லை. சர்க்கரை அளவு இறங்கியிருந்தது. பெங்களூரில் இருக்கும் மகள் பிரான்சியிடம் ஃபோனில், "இந்த வருஷம் கிறிஸ்துமஸ் பாதிராப் பூசைக்கு நடந்தே போவேன் பாரு," என்று சொன்னது மாடி வரைக்கும் கேட்டது.

டிசம்பர் இரண்டாவது சனிக்கிழமை. விடிகாலை வரை பெய்து ஓய்ந்திருந்தது. நான் மாம்பழச்சாலைக் கடையில் டீ கிளாஸோடு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். ஸ்ரீரங்கத்துக்குப் போகும் வேன்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. அவர்கள் மூவரும் எதிர் பெஞ்சில்.

"நெசமாவே ஒண்ணுமே தெரியாதாண்ணே?" என்று கேட்டார் அருள்ராஜ். "தீய வெச்சாக்கூடவா?"

"எல்லாம் நடிப்புய்யா," என்றார் ரோசரி சார். "வேலைக்குச் சோம்பல் வந்தா காலு மரத்துப்போவும். பொறந்த வீட்டுக்குப் போறதுன்னா குதிரை மாதிரி ஓடும். அன்னிக்குக் கட்டெறும்பு கடிச்சதுக்கு அய்யோன்னு கத்துனா."

"முட்டிக்கு மேல கடிச்சிருக்கும்யா," என்றார் அஹத் பாய்.

"பாத்துருவோமா? மரக்காலா, சதைக்காலான்னு?" என்றார் ரோசரி சார்.

"கத்துவாங்க. ஒரு ரவுண்டுகூடத் தாங்காது. நான் சொல்றேன்," என்றார் அருள்ராஜ். "தோத்தா எல்லாருக்கும் என் செலவுல வடை."

ரோசரி சார் குனிந்து பெஞ்சுக்கடியிலிருந்து ஒரு சோடா மூடியைப் பொறுக்கினார். பன்னீர் சோடாவின் தகர மூடி. சுற்றிலும் பல். சட்டையில் துடைத்துக் கைக்குள் வைத்துக்கொண்டார். துடைத்தது எதற்கு என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை.

டீச்சர் பாலத்தைக் கடந்து வந்தார். சிந்தாமணிக்குத் திரும்பும் முன்னால் ரோசரி சார் கூப்பிட்டார்.

"ஏ கேத்தரின், செத்த உக்காரு. அருள்ராஜும் இந்த ஷூ வாங்கணுங்கிறான். தண்ணி போகாதுன்னா நம்ப மாட்டேங்கிறான். கழட்டிக் காமி."

அந்த மூன்று வாரத்தில் யாரும் அவரிடம் அந்த ஷூவைப் பற்றி மரியாதையாக எதுவும் கேட்டதில்லை. டீச்சர் பெஞ்சில் உட்கார்ந்து வலது ஷூவைக் கழற்றி நீட்டினார். "இந்தத் தையலப் பாருங்க. இங்க டேப் இருக்கு. நாக்க ரெண்டு பக்கமும் சேத்திருக்காங்க, பாத்தீங்களா?" வகுப்பில் சொல்லிக்கொடுப்பது போல நிறுத்தி நிறுத்திச் சொன்னார். டீ மாஸ்டர் ஒரு கிளாஸ் தண்ணீரை அதன் மேல் ஊற்றினார். உருண்டு ஓடியது. அருள்ராஜ் கைதட்டினார். ஷூ கை மாறியது. ரோசரி சார் அதை வாங்கி வெளிச்சத்தில் பார்ப்பது போல முதுகைக் காட்டித் திரும்பினார். நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து அவர் கை உள்ளே போய் வருவது தெரிந்தது.

"குடுங்க," என்று டீச்சர் கை நீட்டினார். கவிழ்த்துத் தட்டத்தான்.

"இரு இரு. நான் போட்டு விடறேன்."

ரோசரி சார் அவர் முன்னால் குந்தினார். முட்டி சொடக்கென்றது. டீச்சரின் கை பாதி வழியில் நின்றுவிட்டது. அந்த முகத்தை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. வெட்கம் இருந்தது; வயதான பெண்ணின் முகத்தில் அது வந்தால் எங்கே வைப்பதென்று தெரியாமல் அலையும். இப்போது ஷூவை வாங்கி உள்ளே கையை விட்டால், கட்டின புருஷனைச் சந்தேகப்படுவதாக ஆகிவிடும். நாலு பேர் முன்னால். அவர் காலை நீட்டினார். ரோசரி சார் ஷூவை மாட்டி, லேஸை இழுத்து, இரட்டை முடிச்சுப் போட்டார்.

"போயிட்டு வா."

டீச்சர் எழுந்தார். ஒரு எட்டு வைத்தார். மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். இன்னொரு எட்டு. பிறகு அவர் எப்போதும் போல, எப்போதையும் விட வேகமாக, பாலத்தில் ஏறிப் போனார்.

"அடப்பாவி," என்றார் அருள்ராஜ்.

"மரக்கால்தான்!" ரோசரி சார் தொடையைத் தட்டிச் சிரித்தார். "வடையச் சொல்லு."

முதல் ரவுண்டு முடிந்து டீச்சர் வந்தபோது வடை வந்திருந்தது. "எப்படி இருக்கு?" என்று கேட்டார் ரோசரி சார். "நல்லா இருக்குங்க," என்றார் டீச்சர், நிற்காமலே. அருள்ராஜ் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். டீச்சரும் அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் திரும்பிப் போனார்.

இரண்டாவது ரவுண்டில் வந்தபோது அருள்ராஜ் சிரிக்கவில்லை. அஹத் பாய் கிளாஸைக் கீழே வைத்தார். "போதும் ரோசரி. எடுத்துருங்க. விளையாட்டு வினையாயிரும்."

"இப்ப எப்படிய்யா சொல்றது? இத்தனை பேரு முன்னாடியா? மூணோட நிறுத்திருவா. வீட்ல போய் நானே எடுத்துர்றேன்."

யாரும் எழுந்திருக்கவில்லை. டீச்சர் போய்க்கொண்டிருப்பது தெரிந்தது. பாலத்தின் நடுவில் ஒரு பழுப்புப் புடவை, அதன் கீழே இரண்டு கறுப்புப் புள்ளிகள், தண்ணீரில் நேராக இறங்கி ஏறின. வெளியிலிருந்து பார்க்க அந்த ஷூவில் ஒன்றுமே இல்லை. துணி ஷூவாக இருந்திருந்தால் இரண்டாவது ரவுண்டிலேயே நிறம் மாறியிருக்கும்.

மூன்றாவது முடிந்தது. "வா, வீட்டுக்குப் போவோம்," என்று எழுந்தார் ரோசரி சார். குரல் மாறியிருந்தது.

"இருங்க. இன்னிக்கு நல்லா இருக்கு. இன்னும் ரெண்டு போட்டுட்டு வரேன்."

"போதும்ங்கிறேன்ல?"

"மழை இல்லாத நாளு கெடைக்கிறதே அபூர்வம். நீங்க டீ சாப்பிடுங்க."

ரோசரி சார் வாயைத் திறந்தார். அப்போது சொல்லியிருக்கலாம். வேன் ஒன்று ஹார்ன் அடித்துப் போனது. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். டீச்சர் நான்காவது போய் வந்தார். ஐந்தாவது போய் வந்தார். நெற்றியில் வேர்வையோடு, "ஐஞ்சு!" என்று கையை விரித்துக் காட்டினார்.

வீட்டுக்கு வந்து படிக்கட்டில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். நான் மாடிக்கு ஏறும் வழியில் நின்றேன். வலது சாக்ஸ் முன்பாதி சிவப்பாக இருந்தது.

"சாயம் எறங்கிருச்சு போல," என்றார் டீச்சர். முப்பது வருடத் தையல் டீச்சருக்கு முதலில் அதுதான் தோன்றியது. "புது ஷூவுக்குச் சாயம் போகுமா தம்பி?"

பிறகு ஷூவைக் கவிழ்த்தார். சிவப்பு ஒழுகியது. மூடி தரையில் விழுந்து கொஞ்ச தூரம் உருண்டது.

"ரோட்டுல கெடந்தது உள்ள பூந்திருக்கும்," என்றார் ரோசரி சார். அவர் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

டீச்சர் மூடியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு ஷூவின் நாக்கை இழுத்துப் பார்த்தார். இரண்டு பக்கமும் தைத்தது தைத்தபடி இருந்தது.

"இதுக்குள்ள ரோட்டுல இருந்து ஒண்ணும் பூராதுங்க," என்றார்.

சாக்ஸை உருட்டிக் கழற்றிவிட்டு, தரையில் இருந்த கண்ணாடியை இழுத்துப் பாதத்துக்குக் கீழே வைத்துப் பார்த்தார். மூடியின் பல் வட்டமாக, வரிசை தப்பாமல் பதிந்திருந்தது; நடுவில் சதை இல்லை.

அன்று காலையே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கட்டுப் போட்டார்கள், ஊசி போட்டார்கள். நான்காம் நாள் காய்ச்சல் வந்தது. ஆறாம் நாள் பாதம் கறுத்தது. எலும்புக்குப் போய்விட்டது என்றார்கள். காலை எடுக்கக் கையெழுத்து வாங்க வந்தவர் டீச்சரை வழக்கமாகப் பார்க்கும் டாக்டர்தான்; அவர் "எப்படி ஆச்சு?" என்று கேட்டதற்கு, "ஆணி ஏதோ குத்திருச்சு சார்," என்றார் ரோசரி சார். தெருவுக்கும் அவர் அதைத்தான் சொல்லியிருந்தார்.

கட்டிலில் இருந்து டீச்சர் சொன்னார்: "ஆணி இல்ல டாக்டர். சோடா மூடி. இவருதான் போட்டாரு."

டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்க தினமும் கை விட்டுப் பாப்பீங்களேம்மா?"

"அன்னிக்குப் பாக்கல. இவரே குனிஞ்சு லேஸ் கட்டிவிட்டாரு. முப்பத்தோரு வருஷத்துல ஒரு நாளும் என் காலத் தொட்டதில்ல. அதனால பாக்கல."

டாக்டர் பேனாவை நீட்டினார். ரோசரி சார் வாங்கிக் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, எதையாவது சொல்லியாக வேண்டும் என்கிற பழக்கத்தில், "பொய் சொல்றா சார், கல்யாணத்தன்னிக்கு மிதிச்சிருக்கேன்," என்றார். அப்போதுதான் பக்கத்துக் கட்டிலுக்கு மாத்திரையோடு வந்த நர்ஸ் சிரித்துவிட்டாள். அவளுக்கு விஷயம் தெரியாது.

கணுக்காலில் நிற்கவில்லை. முழங்காலுக்கு ஒரு சாண் கீழே வரை எடுத்தார்கள்.

பெங்களூரிலிருந்து பிரான்சி வந்தாள். அப்பாவிடம் பேசாமல் நான்கு நாள் இருந்தாள். ஐந்தாம் நாள் லீவு முடிந்து போனாள். தெருவில் ரோசரி சாருக்குத்தான் பரிதாபம். "பாவம், இந்த வயசுல சமைச்சு எடுத்துட்டு ஓடுறாரு மனுசன்," என்றாள் ராசாத்தி. பெண்கள் வார்டில் அவர் போகிற நேரத்துக்குச் சிரிப்புச் சத்தம் கேட்கும். காப்பி கொண்டுவரும் அம்மா முதல் கட்டுக் கட்டும் பையன் வரை எல்லோருக்கும் அவரைப் பிடித்திருந்தது. அருள்ராஜ் ஒரு மூட்டை அரிசியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஆஸ்பத்திரிப் பக்கமே வரவில்லை.

அஹத் பாய் வந்தார். கிறிஸ்துமஸுக்கு மறுநாள். தனியாகப் போகத் தயங்கி, மாடிக்கு ஏறி வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனார். கையில் ஆரஞ்சுப் பை. வார்டு வாசலில் நின்று பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். பிறகு உள்ளே போனார். டீச்சர் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். போர்வை ஓர் இடத்தில் பள்ளமாகக் கிடந்தது. நல்லவேளையாக ரோசரி சார் அப்போது இல்லை.

"எப்படி இருக்கீங்க டீச்சர்?"

"இருக்கேன் பாய். உக்காருங்க."

பாய் உட்காரவில்லை. "நான் அன்னிக்கே சொன்னேன் டீச்சர், போதும்னு. ரோசரிகிட்ட சொன்னேன். அல்லா அறிய சொன்னேன்."

"எப்பச் சொன்னீங்க?"

"அதான், நீங்க நடந்துட்டு இருக்கும்போதே."

"எத்தனாவது ரவுண்டுல பாய்?"

பாய் ஆரஞ்சுப் பையைப் பார்த்தார். "ரெண்டாவதுல."

"நான் அஞ்சு நடந்தேன்."

பாயின் கண்ணில் தண்ணீர் நின்றது. டீச்சர் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. என் பக்கம் திரும்பினார். கோபமாகக் கேட்கவில்லை. பிள்ளையின் தையலில் எந்த இடத்தில் நூல் விட்டுப்போனது என்று பார்க்கிற டீச்சரின் குரல்தான்.

"தம்பி, உனக்கு எப்பத் தெரியும்?"

பொய் சொல்லலாம் என்று தோன்றியது. அந்த முகத்துக்கு நேராக வரவில்லை.

"அவர் உள்ள போடும்போதே பாத்தேன் டீச்சர்."

டீச்சர் போர்வையின் பள்ளத்தைக் கையால் நீவினார்.

"அப்ப உக்காந்து அஞ்சையும் எண்ணியிருக்க," என்றார்.